தட்டுத் துவக்கு

யோகமலர் கோபக்காரி இல்லை. கோபம் வந்தால் அரை மணி நேரத்தில் ஆறிவிடும். அது அவளுடைய கணவருக்கும் மகளுக்கும் நன்றாகத் தெரியும். வன்மம் என்பது வேறு. அது அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்கு நாற்பது வயது ஆகியிருந்தது. மறந்துவிடு, மன்னித்துவிடு, உடம்புக்கு நல்லது என்று புத்தி சொன்னவர்கள் பலர். அப்படிச் சொன்னவர்களில் ஒருவருடைய அப்பாவையும் யாரும் எதுவும் செய்திருக்கவில்லை என்பதை அவள் கவனித்து வைத்திருந்தாள்.

அவளுக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. வீடு தோர்ண்டன் ஹீத்தில். வேலை கோலியர்ஸ் வுட்டில், வாண்டில் ஆற்றங்கரையில் இருக்கும் ஓர் ஏலக் கடையில். பழைய வாள், கடிகாரம், துவக்கு என்று ஊரில் சொல்லும் துப்பாக்கி, யாரோ ஒரு பிரபுவின் தொப்பி என்று செத்தவர்களின் சாமான்களை உயிரோடிருப்பவர்களுக்கு விற்கும் கடை அது. ஜேர்மனியில் பதினாறு வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தபோது, தரை துடைக்கத்தான் அவளை அங்கே எடுத்தார்கள். மகள் இங்கிலீஷில் படிக்க வேண்டும் என்பதற்காகவே வந்தோம் என்று கணவர் எல்லோருக்கும் சொல்வார். அது உண்மை. ஜீவரத்தினம் என்ற மனிதர் லண்டனில் விம்பிள்டன் பக்கம் இருக்கிறார் என்று அதற்கு ஆறு மாதம் முன்பு யோகமலர் கேள்விப்பட்டிருந்தாள். அதுவும் உண்மைதான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு நாள், கடை முதலாளி சைமனும் சாமான் தூக்குபவனும் ஒரு பழைய ஜேர்மன் வேட்டைத் துவக்கை மேசையில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் போல்ட் கழன்று வரவில்லை. யோகமலர் துடைப்பக் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். போல்ட்டின் பின்னாலிருந்த சின்னச் சிறகை நேராக நிமிர்த்தி, இடப்பக்கத்துத் தாழ்ப்பாளை விரலால் விலக்கி, போல்ட்டை உருவினாள். உருவும்போதே மறு கையைக் கீழே நீட்டிக்கொண்டாள். போல்ட்டின் முனையிலிருந்து ஒரு துண்டு கழன்று அவளுடைய உள்ளங்கையில் விழுந்தது.

"அது விழும் என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று சைமன் கேட்டார்.

எங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தது என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவள் சொன்னாள். அடுத்த கிழமை அவளுக்கு ஒரு தவிட்டு நிற ஏப்ரன் கிடைத்தது. தரை துடைக்க வேறு ஆள் வந்தது. அன்று தொடங்கிப் பதினெட்டு வருடமாக, அந்தக் கடைக்கு வரும் போல்ட் வைத்த பழைய வேட்டைத் துவக்குகள் எல்லாம் அவளுடைய மேசைக்குத்தான் வருகின்றன.

வேறு யாருக்கும் அவற்றில் விருப்பமில்லை. இரட்டைக் குழல் துவக்கென்றால் கனவான்கள் வந்து தடவிப் பார்ப்பார்கள். இவற்றை ஏழைகளின் துவக்கு என்று தள்ளிவிடுவார்கள். அவளிடம் வருபவற்றில் பாதி, முதலாம் உலகப் போரில் சண்டைக்குப் போன ரைபிள்கள். போர் முடிந்ததும் மெல்லிய குழலைக் கழற்றிவிட்டு தடித்த குழல் பூட்டி, முயலும் கொக்கும் சுடுகிற துவக்காக மாற்றி விற்றார்கள். தடித்த தோட்டாவுக்கு இடம் வேண்டுமென்று உள்ளே குடைந்ததில், போல்ட்டைப் பிடித்து வைத்திருந்த முன்பற்கள் இரண்டுக்கும் பிடிமானம் போய்விட்டது. பின்னாலிருக்கும் ஒற்றைப் பல்தான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. பட்டாளத்தில் இருந்தவனைக் கொண்டுவந்து தோட்டக் காவலுக்கு விட்ட கதைதான். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கிறுக்கு. ஒன்று இரண்டாவது தோட்டாவை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இன்னொன்றுக்குக் கையைச் சுண்டி அடிக்க வேண்டும், மெதுவாகத் தள்ளினால் நடுவழியில் நின்றுவிடும். மற்றொன்று மூக்கை மேலே தூக்கினால்தான் பூட்டும். யோகமலர் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி, அதன் குணத்தைக் குறித்துக் கட்டிவிடுவாள். மருமகளைப் பற்றி மாமியார் எழுதுவதுபோல எழுதுகிறாய் என்று மகள் கௌசி கேலி செய்வாள்.

அவளுடைய அப்பாவின் துவக்கும் இந்தச் சாதிதான். பின்கட்டையில் ஒரு பித்தளை வில்லை பதித்திருக்கும். அப்பா வினாசித்தம்பிக்கு யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் மாந்தோப்பு இருந்தது. வௌவால் விரட்டுவதற்கென்று லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். வெடித்த தோட்டாவின் கோதை இழுத்து எறிகிற கொக்கி ஒருமுறை முறிந்துபோக, சாவகச்சேரியில் மணிக்கூடு திருத்துபவர் ஒருவர் சுவர் மணிக்கூட்டின் சுருள்கம்பியில் ஒரு துண்டை வெட்டிப் பொருத்திக் கொடுத்தார். அன்றோடு அந்தத் துவக்குக்கு ஒரு புதுக் கிறுக்குப் பிடித்தது. வெடி வைத்தபின் போல்ட்டை இழுத்தால் கோது வெளியே வராது. துவக்கை வலப்பக்கம் சரித்து, இடக்கைப் பெருவிரலை உள்ளே விட்டுக் கொக்கியை அமத்திப் பிடித்து, வலது உள்ளங்கையால் பின்கட்டையில் இரண்டு தரம் தட்ட வேண்டும். டொக், டொக். அப்போதுதான் விழும். பெருவிரலால் அமத்தாமல் தட்டினால் கம்பி துள்ளி விரலைக் கடித்துவிடும். மாம்பழக் காலத்தில் ஊரே கேட்கும் சத்தம் அது. முதலில் வெடி, பிறகு இரண்டு தட்டு. சின்னப் பிள்ளைகள் தடியை வைத்துக்கொண்டு "டுமீல், டொக் டொக்" என்று விளையாடுவார்கள். வினாசியரின் தட்டுத் துவக்கு என்றால் தெரியாதவர் கிடையாது. தட்டுத்தான் எல்லோருக்கும் தெரியும். பெருவிரல் விஷயம் அதை எடுத்து வெடி வைத்தவர்களுக்கு மட்டும் தெரியும். அப்படி வைத்தவர்கள் அப்பாவும் அவருடைய கூட்டாளி கனகலிங்கமும்தான். துவக்கைத் துடைப்பது யோகமலரின் வேலை என்பதால் அவளுக்கும் தெரியும்.

எண்பத்து நாலாம் ஆண்டு மாம்பழக் காலத்தில் ஜீவரத்தினம் வேலியடிக்கு வந்தார். அப்போது அவருக்கு முப்பத்து நாலு வயது, அரசாங்கக் கந்தோரில் வேலை, பக்கத்துத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். வௌவால் எல்லாவற்றையும் தின்கிறது, ஒரு கிழமைக்கு இரவல் தாருங்கள் என்று கேட்டார். லைசென்ஸ் துவக்கை இரவல் கொடுப்பது குற்றம் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் ஊரில் அயலட்டைக்கு இல்லையென்று சொல்கிற வழக்கம் கிடையாது, துவக்கும் மண்வெட்டியும் ஒன்றுதான். அப்பா அதைச் சாக்கில் சுற்றி வேலியில் ஆள் நுழையும் பொட்டால் கொடுத்தார். பதினாறு வயது யோகமலர் பக்கத்தில் நின்று தோட்டாப் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

ஐந்தாம் நாள், லைசென்ஸ் துவக்குகளை எல்லாம் உடனே பொலிஸில் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தல் வந்தது. மறுநாள் காலை அப்பா வேலியடிக்குப் போய்க் கேட்டார். எந்தத் துவக்கு என்று ஜீவரத்தினம் கேட்டார்.

அப்பா வெறுங்கையோடு பொலிஸுக்குப் போனார். இரவல் கொடுத்ததை உள்ளபடி சொன்னார். ஜீவரத்தினத்தைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்தத் துவக்கை நான் தொட்டதும் இல்லை, அதை எப்படித் திறப்பது என்றுகூட எனக்குத் தெரியாது என்று அவர் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். யோகமலர் ஓடிப்போய், நான் கண்ணால் கண்டேன், தோட்டாவை நான்தான் கொடுத்தேன் என்று அழுதாள். அதற்கு ஜீவரத்தினம் சொன்ன பதிலை அவள் இன்றுவரை ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறாள்.

"பெட்டை தேப்பனைக் காப்பாத்தப் பொய் சொல்லுது, சேர்."

துவக்கை எந்த இயக்கத்துக்குக் கொடுத்தாய் என்று கேட்டு அப்பாவைக் கொண்டுபோனார்கள். அவருக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. மூன்று மாதம் கழித்துத் தெற்கில் ஏதோ ஒரு முகாமில் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று ஒரு துண்டுக் கடிதம் வந்தது. உடல் வரவில்லை. வினாசியர் காசுக்கு ஆசைப்பட்டுத் துவக்கை விற்றுவிட்டார், விற்றுவிட்டு அயலவன் தலையில் பழி போடப் பார்த்தார் என்று ஊரில் பேச்சு எழுந்தது. அதை முதலில் யார் சொன்னது என்று கேட்கத் தேவையில்லை. கனகலிங்கம் கூட அதை நம்பினார். அம்மா மட்டும் நம்பவில்லை. அவள் சாகும்வரை வைக்கோல் போரையும் மாட்டுக்கொட்டிலையும் கிளறிக்கொண்டே இருந்தாள். எங்கேயாவது கிடைத்தால் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்பாள், கொடுத்தால் அப்பா திரும்பி வருவார் என்பதுபோல. யோகமலர் இன்னும் ஆறு வருடம் அந்த வீட்டில் இருந்தாள். காலையில் தண்ணீர் அள்ளுவதும், மத்தியானம் சமைப்பதும், பின்னேரம் ஊர்ப் பெண்களின் குத்தல் கதையைக் கேட்பதுமாகப் போனது. சித்திரை வெயிலில் கிணறு வற்றும்போது வாளி அடியில் எதிலோ இடிபடும். கல்லாயிருக்கும், மெல்ல அள்ளு என்பாள் அம்மா.

லண்டனில் ஜீவரத்தினத்தை விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் அவள் பல தடவை தூரத்தில் பார்த்திருக்கிறாள். பட்டு வேட்டி, நெற்றியில் மூன்று குறி, காணும் எல்லோருக்கும் கைகூப்பல். ஒரு கவுன்சிலில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், ஊர்ச் சங்கத்தின் காப்பாளர், பிள்ளைகள் இருவரும் டொக்டர்கள். கிட்டப் போய் என்ன கேட்பது? அவர் சிரித்துக்கொண்டு, எந்தத் துவக்கு பிள்ளை என்று மறுபடி கேட்பார். அவளிடம் அத்தாட்சி என்று எதுவும் இருக்கவில்லை. அந்தக் கேள்வியை இரண்டாம் தரம் கேட்க அவளுக்கு உடம்பில் தெம்பு இல்லை.

ரிட்டயர் ஆனபின் மனிதருக்குக் கனவான் ஆசை வந்துவிட்டது. லண்டனுக்கு வெளியே சரேப் பக்கம், களிமண் தட்டை வானில் எறிந்து சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்தார். லைசென்ஸ் எடுத்தார். மூன்று வருடம் முன்பு ஏலக் கடையின் வாடிக்கையாளர் பட்டியலில் அந்தப் பெயரை யோகமலர் கண்டாள். அதன்பின் காத்திருந்தாள். போன இலையுதிர் காலத்தில், பித்தளை வில்லை பதித்த அந்தச் சாதித் துவக்கு ஒன்று நல்ல நிலையில் கடைக்கு வந்தது. விற்பனைப் புத்தகத்தில் அதற்குரிய குறிப்பை அவள்தான் எழுதினாள். இலங்கைத் தோட்டங்களில் ஒருகாலத்தில் காணப்பட்ட வகை என்று ஒரு வரி சேர்த்தாள். சைமன் அதை வாசித்துவிட்டுத் தலையாட்டினார். அதைக் கையில் வாங்கும்போது அந்த மனிதரின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய எண்ணம். அதற்கு மேல் ஒரு திட்டமும் இல்லை.

சாமான் பார்க்கும் நாளில் அவர் வந்தார். கம்பளித் தொப்பி, முழங்கையில் தோல் ஒட்டிய கோட்டு. அவளுடைய நெஞ்சில் குத்தியிருந்த பெயரை வாசித்தார். மலர் என்று மட்டும் இருந்தது.

"தமிழோ பிள்ளை?"

"ஓம் ஐயா."

"எவ்விடம்?"

"வவுனியா." பொய் தடங்கலில்லாமல் வந்தது.

"நல்லது, நல்லது. இந்தச் சாமானுகளோட ஒரு தமிழ்ப் பொம்பிளை நிண்டு வேலை செய்யிறது எங்களுக்குப் பெருமை."

அவள் துவக்கை எடுத்துக் கொடுத்தாள். அவருடைய முகம் மாறவில்லை. அவர் புன்னகையோடு அதைத் தூக்கிப் பார்த்தார், வில்லையைத் தடவினார். டம்மித் தோட்டா ஒன்றை அவள் நீட்டினாள். அவர் அதை உள்ளே வைத்துப் போல்ட்டைத் தள்ளிப் பூட்டினார். திறந்து இழுத்தார். தோட்டா துள்ளிப் பச்சைத் துணியில் விழுந்து உருண்டது. யோகமலருக்கு ஏமாற்றமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. அவருடைய கை துவக்கை வலப்பக்கம் சரித்தது. இடக்கைப் பெருவிரல் உள்ளே போய் எதையோ அமத்தியது. வலது உள்ளங்கை பின்கட்டையில் இரண்டு தரம் தட்டியது. டொக், டொக். வெறும் துவக்கு. தோட்டா அவருடைய கண்முன்னே மேசையில் கிடந்தது.

"நல்ல கண்டிஷனிலை கிடக்கு," என்றார் அவர். தான் என்ன செய்தோம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

பதினெட்டு வருடத்தில் இந்தச் சாதியில் அறுபத்துமூன்று துவக்கு அந்த மேசைக்கு வந்திருக்கிறது. அவற்றைப் பார்க்க இங்கிலீஷ்காரர், ஜேர்மன்காரர், போலந்துக்காரர் என்று எத்தனை பேர் வந்தார்கள். ஒருவரும் தட்டவில்லை. உலகத்திலேயே ஒரே ஒரு துவக்குக்குத்தான் அந்தத் தட்டு வேண்டும். அது எங்கே என்று அம்மா வைக்கோலுக்குள் தேடிக்கொண்டு செத்தாள். அங்கேயே அவருடைய தொப்பியைப் பிடுங்கி எறிந்து கத்த வேண்டும் போல யோகமலருக்கு இருந்தது. ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர். அவர்களுக்கு அந்த இரண்டு தட்டின் அர்த்தம் தெரியாது. தெரிந்தவர்களுக்கு முன்னால்தான் இது தட்டப்பட வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

"ஐயா, இன்ரநெற்றிலை போட ஒரு சின்ன வீடியோ எடுக்கிறனாங்கள். நீங்கள் அனுபவமான ஆள். ஒருக்கால் செய்து காட்டுவியளோ?"

அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கடை வழக்கப்படி கைகளை மட்டும்தான் எடுப்பார்கள். அன்று அவள் முகத்தையும் சேர்த்து எடுத்தாள். மூன்று தரம் செய்யச் சொன்னாள். மூன்று தரமும் தோட்டா தானாக விழுந்தது, மூன்று தரமும் அவர் தட்டினார்.

"அது என்ன ஐயா, கடைசியிலை ரெண்டு தட்டு?" வீடியோவை நிறுத்தாமலே கேட்டாள்.

"இந்தச் சாதித் துவக்கு எல்லாம் அப்பிடித்தான் பிள்ளை. தட்டாட்டில் கோது விழாது. பெருவிரலாலை கொக்கியை அமத்திப் பிடிக்கோணும், விட்டால் கடிச்சுப்போடும். நான் ஊரிலை இளந்தாரியா இருக்கேக்கை எத்தினை வௌவால் விழுத்தியிருப்பன்."

"உங்களிட்டையும் ஒண்டு இருந்ததோ?"

"ஓம், ஓம்," என்றார் அவர். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

தை மாதம் அவருக்கு எழுபத்தைந்து வயது. பவள விழாவுக்கு ஊர்ச் சங்கம் ஏற்பாடு செய்தது. அப்பாவைப் பற்றி யாரிடமாவது ஒரு நிமிட வீடியோ இருந்தால் அனுப்புங்கள், பெரிய திரையில் போடுவோம் என்று மகன் அபிஷன் ஊர்க் குழுவில் செய்தி போட்டான். யோகமலர் தான் எடுத்த வீடியோவை, மலர் என்ற பெயரில், கடையின் தொலைபேசி இலக்கத்திலிருந்து அனுப்பினாள். "சூப்பர் அன்ரி, அப்பா நல்லாச் சந்தோஷப்படுவார்," என்று பதில் வந்தது. அந்தப் பையனின் மீது அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. பாவம், தகப்பனைக் கொண்டாடுகிற பிள்ளை. அவளும் ஒருகாலம் தகப்பனுக்காகப் பொலிஸ் வாசலில் அழுத பிள்ளைதான், அப்போது யாரும் பாவம் பார்க்கவில்லை. அவள் "ஓம் தம்பி" என்று எழுதி அனுப்பிவிட்டுச் சோறு வடித்தாள்.

விழா விம்பிள்டனில் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இருநூறு பேர். பொன்னாடை, மாலை, வாழ்த்துப்பா. யோகமலர் இருப்பதற்குள் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள். கனகலிங்கம் இருந்த மேசையைத் தேடிப் பிடித்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எண்பது வயதாகியும் அவருக்குக் கண் நல்ல தெளிவு.

"நீ வினாசியற்றை மகளெல்லோ?" என்றார் சிறிது நேரம் பார்த்துவிட்டு.

"ஓம் மாமா."

"நீயும் இஞ்சை வந்தது நல்லது. பழசுகளை மறக்கத்தானே வேணும்."

"வடையைச் சாப்பிடுங்கோ மாமா," என்றாள் அவள்.

பேரப்பிள்ளைகளின் வீடியோ ஓடியது. கோயில் ஐயரின் வாழ்த்து ஓடியது. பிறகு திரையில் பச்சைத் துணி போட்ட மேசை வந்தது. ஜீவரத்தினம் மேடையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். திரையில் தோட்டா விழுந்தது. ஒலிபெருக்கியில் டொக், டொக் என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. இளசுகள் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த நரைத்த தலைகளில் ஐந்தாறு ஒரேயடியாக நிமிர்ந்தன. கனகலிங்கத்தின் கையில் வடை பாதியில் நின்றது. பெருவிரலால் கொக்கியை அமத்திப் பிடிக்கோணும் என்று திரையிலிருந்த ஜீவரத்தினம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அதை இன்னொருக்கால் போடு," என்றார் கனகலிங்கம்.

அபிஷன் சந்தோஷமாக மறுபடி போட்டான். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. கனகலிங்கம் பொல்லை ஊன்றி எழுந்தார்.

"ஜீவரத்தினம், மணிக்கூட்டுக் கம்பியிலை கொக்கி செய்தது வினாசியற்றை துவக்குக்கு மட்டும்தான். அதைப் பொருத்தேக்கை நான் பக்கத்திலை நிண்டனான். நீ அந்தத் துவக்கைத் தொட்டதே இல்லை எண்டெல்லோ பொலிஸிலை எழுதிக் குடுத்தனீ."

"அண்ணை, இந்தச் சாதித் துவக்கு எல்லாம் அப்பிடித்தான்." மைக் இல்லாமல் அவருடைய குரல் சின்னதாகக் கேட்டது.

யோகமலர் எழுந்தாள். இந்தக் கணத்துக்கு எத்தனையோ பேச்சு அவள் எழுதி வைத்திருந்தாள், குளிக்கும்போதும் பஸ்ஸிலும் நாற்பது வருடமாக. அதில் ஒன்றுகூட இப்போது வரவில்லை. வேலையில் பேசுகிற மாதிரித்தான் வந்தது.

"இல்லை. பதினெட்டு வருஷமா இந்தச் சாதித் துவக்குத்தான் என்ரை வேலை. அறுபத்துமூண்டு பாத்திருக்கிறன். ஒண்டையும் தட்டத் தேவையில்லை. வடிவாப் பாருங்கோ, தோட்டா முதலே விழுந்து கிடக்கு. அவர் வெறுந்துவக்கைத் தட்டுறார். நான் வினாசித்தம்பியின்ரை மகள் யோகமலர். பொய் சொல்லுற பெட்டை எண்டு இவர் சொன்னது என்னைத்தான்."

ஜீவரத்தினம் மாலையோடு கதிரையில் உட்கார்ந்திருந்தார். மகனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள். கனகலிங்கம் பொல்லை ஊன்றி ஊன்றி மேடைப் படிவரை போய்விட்டார். அவருக்குப் பின்னால் ஊரில் பழசு தெரிந்த நாலைந்து பேர் போனார்கள்.

"நான் அதைத் திருப்பிக் குடுத்திட்டன்," என்றார் ஜீவரத்தினம் கடைசியில்.

"எப்ப குடுத்தனீங்கள்? ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?" என்றாள் யோகமலர்.

"அறிவித்தல் வந்த அண்டைக்கு. கோயில் கொடியேற்றத்துக்கு எல்லாரும் போயிருந்தவை. எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. கொண்டுவந்து..." அவர் நிறுத்தினார். "உங்கடை கிணத்துக்கை போட்டிட்டன்."

யோகமலருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது வாளி இடிபடும் சத்தம் காதில் கேட்டது. ஆறு வருடம். அந்தத் தண்ணீரில்தான் அம்மா சோறு சமைத்தாள். அப்பாவின் திவசத்துக்கும் அந்தத் தண்ணீர்தான். மறுநாள் காலையில் அப்பா வேலியடிக்குப் போய்க் கேட்டபோது, கிணற்றுக்குள் கிடக்கிறது அண்ணை என்று அந்த மனிதர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எடுத்துத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பா வீட்டுக்கு வந்திருப்பார். அன்றைய பயத்தை அவள் மன்னித்திருப்பாள், மெய்யாகவே மன்னித்திருப்பாள், அந்தக் காலத்தில் பயப்படாதவர் யார்? ஆனால் அப்பாவைக் கொண்டுபோனபின், வினாசியர் விற்றுவிட்டார் என்று வீடு வீடாகச் சொன்னது பயம் இல்லை. நாற்பது வருடம் பட்டு வேட்டியோடு கைகூப்பித் திரிந்ததும் பயம் இல்லை.

சனம் மெதுவாகக் கலைந்தது. பாதிப் பேர் சாப்பிடாமல் போனார்கள். யோகமலர் சாப்பிட்டாள். சோறு, ஐந்து கறி, இரண்டு வடை, பாயாசம் எல்லாவற்றையும் ஆறுதலாக உட்கார்ந்து சாப்பிட்டாள். உண்மையைச் சொன்னால் ருசியாகவே இருந்தது. புறப்படும்போது ஜீவரத்தினத்திடம் போய், வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள் என்று முகவரியைக் கொடுத்தாள். வராவிட்டால் அந்த வீடியோ ஊர்க் குழுவோடு நிற்காது என்றும் சொன்னாள். ரிட்டயர் ஆன ஆள்தானே, அவசர வேலை ஒன்றும் இருக்காது என்று சேர்த்துச் சொன்னாள்.

சனிக்கிழமை அபிஷன் தகப்பனைக் காரில் கொண்டுவந்து இறக்கினான். தான் உள்ளே வரவில்லை. யோகமலர் அவரைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தாள். அவளுடைய வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தேத்தண்ணிதான் வரும். அவருக்கு ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீர் வைத்தாள். மேசையில் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்த தொலைபேசியில் ஊர் தெரிந்தது. அங்கே மத்தியானம் ஒன்றரை. அவளுடைய தம்பி நிர்மலன் விடியக்காலையிலிருந்து இரண்டு மோட்டர் வைத்துக் கிணற்றை இறைத்துக்கொண்டிருந்தான். ஆயுதம் என்பதால் முதலே போய் அறிவித்து, கிராம சேவகரும் பொலிஸார் இருவரும் வந்து நின்றார்கள். கிணற்றைச் சுற்றி ஊர்ச்சனம் நின்றது.

இரண்டேகால் மணிக்கு உள்ளே இறங்கியவன் கயிற்றை ஆட்டினான். சேறு வடிய ஒரு நீளமான கறுத்த சாமான் மேலே வந்தது. நிர்மலன் ஒரு வாளி தண்ணீரை அதன்மேல் ஊற்றினான். இரும்பு கட்டி கட்டியாகத் துருப்பிடித்திருந்தது. கட்டை ஊறிக் கறுத்துப் போயிருந்தது. அதன் நடுவில் பித்தளை வில்லை மட்டும் பச்சைப் பாசியோடு இருந்தது. யோகமலர் தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்து பார்த்தாள். வேலையில் எத்தனை துவக்கைப் பார்த்து அட்டை எழுதியவள், இதற்கு ஒன்றும் எழுத ஏலாமல் அழுதாள்.

"இது யாருடைய துவக்கு?" என்று பொலிஸ்காரர் கேட்டார். அவர் சின்னப் பெடியன், தமிழ்ப் பெடியன்.

யோகமலர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை ஜீவரத்தினத்தின் பக்கம் திருப்பினாள்.

"வினாசித்தம்பியின்ரை," என்றார் அவர்.

"சத்தமாச் சொல்லுங்கோ. ஊர்ச்சனம் நிக்குது."

"வினாசித்தம்பி அண்ணையின்ரை துவக்கு. நான்தான் இரவல் வாங்கினனான். நான்தான் கிணத்துக்கை போட்டனான். அவர் விக்கேல்லை. அவர் சொன்னதெல்லாம் உண்மை. அந்தப் பிள்ளை சொன்னதும் உண்மை."

அங்கே யாரோ ஒரு பெண் ஐயோ என்றாள். பொலிஸ்காரர் வாகனத்தின் முன்பக்கத்தில் கொப்பியை வைத்து எழுதினார். ஒப்படைத்தவர் பெயர் என்ன என்று கேட்டார்.

"வினாசித்தம்பி எண்டு எழுதுங்கோ," என்றான் நிர்மலன்.

"அவர் எங்கே? அவரல்லோ வர வேணும்."

"அவர் நாப்பது வருஷத்துக்கு முதலே வந்திட்டார், சேர். துவக்குத்தான் பிந்திப்போச்சு."

பொலிஸ்காரர் அவனை நிமிர்ந்து பார்த்தார். கிராம சேவகர் அவருடைய காதில் ஏதோ சொன்னார். பிறகு அவர் எழுதி, கிழித்து, அந்தத் துண்டை நிர்மலனிடம் கொடுத்தார். நிர்மலன் அதைத் தொலைபேசிக்கு நேரே பிடித்தான். அப்பாவின் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

ஜீவரத்தினம் எழுந்திருக்கப் பார்த்தார்.

"இருங்கோ," என்றாள் யோகமலர். கிளாஸை அவருக்கு முன்னால் நகர்த்தினாள். "தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ. நாங்கள் ஆறு வருஷம் குடிச்சனாங்கள்."

அவர் கிளாஸைப் பார்த்தார். குழாய்த் தண்ணீர்தான், தெளிவாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கத் தொடங்கினார். கடைசிச் சொட்டு வரை அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.